அத்தையின் ஆயிரம் ஆண்டும் அம்மாவின் ஐந்நூறு ஆண்டும்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மலேசியாவில் பிறந்தவர். அப்பாவின் பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். அம்மா மலாக்கா செட்டி சமூகத்துப் பெண். குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனை ஒன்றைச் செய்துகொண்டீர்கள். தென்னிந்தியா 71 விழுக்காடு, தென்கிழக்காசியா 22, தென்சீனம் 5, நடு ஆசியா 2 என்று அறிக்கை வந்தது. தீபாவளிக்குக் கூடியிருந்த உறவினரிடம் அதைக் காட்டியபோது அத்தை, "உன் அம்மா பக்கம் கலப்படம், நம் பக்கம் ஆயிரம் ஆண்டாகச் சுத்தம்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நான் முக்கால் தமிழச்சியா, கலப்பே இல்லாத ஒற்றை மரபு உலகத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்த எண்களுக்கு என்ன பொருள், அத்தை சொன்னது உண்மையா, நீங்கள் யார். ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டு, பிறகு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராகப் பதினான்கு ஆண்டு என்று என் காலம் போயிருக்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும். மூன்றாவதும் என் மேசைக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் அதற்கு என் படிப்பு பாதி தூரம்கூடத் துணை வராது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அந்த 71 எப்படிப் பிறக்கிறது? சோதனை நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரித் தொகுப்பு வைத்திருக்கிறது. தங்கள் பாட்டன் பாட்டிமார் எல்லோரும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லும் இன்றைய மனிதர்களின் டி.என்.ஏ. தொகுப்பு அது. உங்கள் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக எடுத்து, எந்தத் துண்டு எந்தத் தொகுப்போடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கணினி பார்க்கிறது. ஆக, 71 விழுக்காடு தென்னிந்தியா என்றால், "நாங்கள் தென்னிந்தியர் என்று பெயர் ஒட்டி வைத்திருக்கும், இன்று உயிரோடு இருக்கும் சில நூறு அல்லது சில ஆயிரம் பேரின் டி.என்.ஏ.வை உங்களுடையதில் 71 பங்கு ஒத்திருக்கிறது" என்று பொருள். தொகுப்பு மாறினால் எண்ணும் மாறும். அதே எச்சிலை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினால் 66 வரலாம், 75 வரலாம். அதே நிறுவனமே இரண்டு ஆண்டு கழித்துக் கணக்கைப் புதுப்பித்து, உங்களைக் கேட்காமலேயே உங்கள் முன்னோரை மாற்றிவிடுவதும் உண்டு. உங்கள் தம்பி சோதித்துக்கொண்டால் அவருக்கு வேறு எண் வரும். பெற்றோரிடமிருந்து ஆளுக்குப் பாதி வருவது உறுதி. எந்தப் பாதி என்பது குலுக்கல். ஒரு பாட்டியிடமிருந்து கால்வாசி வருகிறது என்பதும் சராசரிக் கணக்குதான். உண்மையில் அது இருபதுக்கு இறங்கும், முப்பதைத் தொடும்.

சிறிய எண்களை நம்பாதீர்கள். நடு ஆசியா 2 விழுக்காடு என்பதை வைத்துக்கொண்டு எந்தக் குதிரை வணிகர் எப்போது வந்தார் என்று கதை கட்ட வேண்டாம். இரண்டு மூன்று விழுக்காட்டு அளவில் வருவது பெரும்பாலும் கணக்கின் இரைச்சல். தென்சீனம் 5 என்பது இடைப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம், தென்கிழக்காசியத் துண்டுகள் சிலவற்றைக் கணினி தவறாகப் பெயரிட்டதாகவும் இருக்கலாம். ஆனால் 22 விழுக்காட்டை இரைச்சல் என்று தள்ள முடியாது. அதில் கொஞ்சம் நிற்போம், அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

மலாக்கா சுல்தான்களின் காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையிலிருந்து துணியோடு போன வணிகர்களின் வழி வந்தது உங்கள் அம்மாவின் சமூகம். காற்றுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் துறைமுகத்தில் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள். மலாய், ஜாவானிய, பத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபோது நீனா சட்டு என்ற தமிழ் வணிகர் பெண்டஹாரா என்ற உயர் பதவி பெறும் அளவுக்குச் செல்வாக்கோடு இருந்தார். 1641இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் தைவநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. காஜா பெராங் சாலைப் பக்கத்துக் கம்போங் செட்டி உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை. போகியன்றும் பழக் காலத்திலும் வாழையிலையில் முன்னோருக்குப் படைக்கும் சடங்கைப் 'பர்ச்சு' என்கிறார்கள். அதைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரருக்குப் படையல் ஞாபகம் வரும்.

இப்போது கணக்கு. 15ஆம் நூற்றாண்டில் ஒரே ஒரு மலாய்ப் பெண் உங்கள் அம்மா வழியில் வந்து சேர்ந்திருந்தால், இருபது தலைமுறை கழித்து அவருடைய பங்கு சராசரியாகப் பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். எந்தச் சோதனையிலும் அது தெரியாது. உங்களுக்கு வந்திருப்பதோ தென்கிழக்காசியாவும் தென்சீனமும் சேர்த்து 27. அப்பா பக்கத்திலிருந்து இதில் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், அம்மாவிடம் ஏறத்தாழ 54 இருக்க வேண்டும். ஆக, எப்போதோ ஒரு தாத்தா தவறிப்போய்ச் செய்த ஒற்றைத் திருமணத்தால் வந்தது இல்லை இது. குடியேறிய முதல் சில தலைமுறைகளில் ஊர்ப் பெண்களே பெரும்பாலும் மணமகள்களாக இருந்து, பிறகு அந்தச் சமூகம் தனக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தால் இப்படியொரு எண் வரும். இடையிடையே புதிதாகவும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்பதை உங்கள் ஒருவருடைய அறிக்கையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் அறிக்கையில் தாய்வழிப் பிரிவு என்று ஓர் எழுத்து இருக்கலாம். தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் கிளைப் பெயர் அது. 'பி' அல்லது 'எஃப்' என்று தொடங்கினால், உங்கள் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போகும் கோடு பெரும்பாலும் தென்கிழக்காசியாவிலோ கிழக்காசியாவிலோ போய் முடியும். 'எம்' என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தப் பெருங்கிளை தமிழ்நாட்டிலும் நிறைய, மலாய்த் தீபகற்பத்திலும் நிறைய; அதன் உட்கிளை எண்ணைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒரு சமூகத்தின் ஆண்வழியும் பெண்வழியும் வேறு வேறு நாட்டைக் காட்டுவது இந்தியாவிலும் உண்டு. பார்சிகளின் ஆண்வழிக் கோடுகள் பெரிதும் ஈரானை நோக்கிப் போகின்றன. பெண்வழிக் கோடுகளில் பெரும் பகுதி இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே போவதில்லை. கப்பலில் வந்தவர்கள் யார், கரையில் இருந்தவர்கள் யார் என்று அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி அத்தை. அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையாக இருக்கக்கூடும் என்று நான் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். அவர் முன்னோர் ஆயிரம் ஆண்டாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்து வந்திருக்கலாம். இந்தியாவின் சாதிக் குழுக்கள் நீண்ட காலமாக மூடிய கதவுக்குள் வாழ்ந்ததற்கு மரபணுவிலேயே சாட்சி இருக்கிறது. அவருடைய தவறு அடுத்த அடியில் இருக்கிறது. கதவைச் சாத்திய நாளுக்கு முன்னால் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பதை அவர் கேட்கவில்லை.

ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 25 குழுக்களை எடுத்துப் பார்த்தது. வடக்கோ தெற்கோ, எந்தச் சாதியோ பழங்குடியோ, பெருநிலத்துக் குழுக்களில் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பழைய மக்கள்கூட்டங்களின் கலப்பு என்று அது காட்டியது. விகிதம்தான் குழுவுக்குக் குழு மாறியது. 2013இல் 73 குழுக்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு அந்தக் கலப்புக்குத் தேதி போட்டது: இன்றிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில். அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1,900 ஆண்டு என்றால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. தமிழில் கவிதை எழுதிக்கொண்டிருந்த காலம். உங்கள் அத்தை தன் சுத்தத்துக்கு ஆயிரம் ஆண்டு கணக்கு வைக்கிறார். அதற்கு இன்னொரு ஆயிரம் ஆண்டு முன்னால் போனால் அவருடைய முன்னோரும் மலாக்காத் துறையில் நின்ற வணிகர்களைப் போலத்தான் இருந்திருப்பார்கள், யாரோ ஒரு புதியவரோடு குடும்பம் அமைத்துக்கொண்டு.

தேதி எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேறு இடத்து மனிதர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம் இருவருடைய டி.என்.ஏ.வும் நீளமான துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அவை இடம் மாறி வெட்டுப்படும். அரைக்க அரைக்கத் துண்டு சிறுக்கும். இன்று இருக்கும் துண்டின் நீளத்தை அளந்தால் எத்தனை தலைமுறை அரைபட்டது என்று கணக்கிடலாம். உங்கள் அம்மா பக்கத்துக் கலப்பு ஒன்றிரண்டு சுற்று அரைத்த துவையல். தேங்காய் தனியாக, மிளகாய் தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பா பக்கம் சாம்பார்ப் பொடி. மல்லி, மிளகாய், பருப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன, நைசாக அரைபட்டுவிட்டதால் ஒரே நிறமாகத் தெரிகிறது. சோதனை நிறுவனம் அந்தப் பொடிக்குத் 'தென்னிந்தியா' என்று ஒரே பெயர் ஒட்டிவிட்டது. வேறுபாடு அவ்வளவுதான், அரைத்த நேரத்தில்.

அந்தப் பொடியில் என்னென்ன இருக்கின்றன என்பது 2019இல் இன்னும் தெளிவானது. பழைய எலும்புகளிலிருந்து 523 பேரின் டி.என்.ஏ.வை எடுத்து ஒரு பெரிய குழு ஆய்வு வெளியிட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பழங்காலம் முதல் இருந்த வேட்டை மக்கள், ஈரானியப் பீடபூமி மக்களோடு தொலைவில் உறவுடைய இன்னொரு கூட்டம், பின்னால் நடு ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த மேய்ச்சல் மக்கள் என்று மூன்று ஓடைகள் இதில் தெரிகின்றன. தெற்கே மூன்றாவது ஓடையின் பங்கு பொதுவாகக் குறைவு, சில குழுக்களில் மிகக் குறைவு. ஆனால் முதல் இரண்டும் இல்லாத குழு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர்களை நாம் ஆதிகுடி என்கிறோம். அவர்களிடமும் முதல் ஓடையோடு இரண்டாவது கலந்திருக்கிறது. கலப்பில்லாதவரைத் தேடி அந்தமான் தீவுகள் வரை போனால், ஓங்கே மக்கள் பல்லாயிரம் ஆண்டு தனித்து வாழ்ந்தவர்கள் என்று சொல்லலாம். அவர்களிடமும் நியாண்டர்தால் மனிதரின் சுவடு உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய எல்லா மக்களிடமும் அது சுமார் இரண்டு விழுக்காடு இருக்கிறது. நம் இனத்தையே சேராத மனிதர்களோடு நடந்த கலப்பு அது. அத்தையிடம் இதைச் சொல்லும்போது சற்றுத் தள்ளி நின்று சொல்லுங்கள்.

எல்லாம் ஒரே அளவுக்கு உறுதி இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கலப்பு நடந்தது, அது மிகப் பரவலானது, பிறகு குழுக்கள் மூடிக்கொண்டன என்பவற்றை இப்போது யாரும் தீவிரமாக மறுப்பதில்லை. எந்த ஓடை எந்த மொழியைப் பேசியது என்பது வேறு விஷயம். எலும்பு மொழி பேசாது. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிகத்து ஊரான ராக்கிகடியில் கிடைத்த ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ. 2019இல் வெளியானபோது எல்லாத் தரப்பாரும் அவரைத் தங்கள் பாட்டியாக்கிக்கொண்டார்கள். அவரிடம் புல்வெளி மக்களின் கூறு இல்லை என்பது ஆய்வு சொன்னது. அவர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்பது நாம் சேர்த்துக்கொண்டது. தமிழ் மண்ணில் பழைய டி.என்.ஏ. கிடைப்பதோ அரிது. வெயிலும் ஈரமும் அதைத் தின்றுவிடுகின்றன. அதனால் தெற்கைப் பற்றிச் சொல்லும் பலவும் இன்று வாழ்பவர்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டவை.

இணையத்தில் உலவும் ஒரு வாதத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அது உங்களுக்குச் சாதகமானது, அதனாலேயே எச்சரிக்கிறேன். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், நாற்பது தலைமுறைக்கு முன், அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முன், உங்களுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் முன்னோர் இருந்திருக்க வேண்டும். அன்று உலக மக்கள்தொகையே முப்பது கோடிக்கு முன்பின். ஆகவே எல்லோரும் எல்லோருக்கும் உறவு, சுத்தம் என்பது பொய் என்று முடிப்பார்கள். கணக்கு சரி, முடிவு அவசரம். அந்தக் கணக்கு நிரூபிப்பது, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப முன்னோராக வருகிறார்கள் என்பதை மட்டும்தான். மாமன் மகளைக் கட்டும் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஐம்பதாயிரம் பேர் உள்ள ஒரு மூடிய குழு அந்த லட்சம் கோடி இடங்களையும் தனக்குள்ளேயே நிரப்பிக்கொள்ள முடியும். சுத்தம் என்ற வாதத்தை உடைப்பது கதவின் இடுக்கு. அறுநூறு எழுநூறு ஆண்டுக்கு முன் வெளியார் ஒருவர் எப்படியோ உள்ளே வந்து, அவருடைய வழி தழைத்திருந்தால், இன்று அந்தச் சிறிய குழுவில் கிட்டத்தட்ட எல்லோரும் அவருடைய வாரிசு. பஞ்சம், படையெடுப்பு, தத்து, ஊர் மாறிக் குடியேறுதல், சொல்லப்படாத உறவுகள் இவற்றில் எதுவுமே ஆயிரம் ஆண்டாகத் தொடாத குடும்பத்தை நான் சந்தித்ததில்லை. உங்கள் அப்பா பக்கம் மூன்று தலைமுறை தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள் வேறு. லயத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று அத்தையிடம் கேட்க வேண்டாம், தீபாவளி கெட்டுவிடும்.

இப்படி வந்து சேர்ந்தவரின் டி.என்.ஏ. உங்களிடம் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களின் டி.என்.ஏ.தான் உங்களிடம் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கும். மற்றவர்கள் உங்கள் முன்னோர்தான், இரத்தத்தில் எழுத்துச் சான்று வைக்காத முன்னோர். ஆகவே வம்சம் என்பதும் மரபணு என்பதும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பட்டியல்கள். இதை மறந்துவிட்டு நடக்கும் கூத்துக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற பழைய ஆண்வழிக் குறி கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவின் மதிப்புக்குரிய வேலை அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியாவரை போன பயணத்தின் தடயமாக அதைப் பார்த்தார்கள். செய்தி ஊருக்குள் வரும்போது "இந்தியாவின் முதல் மனிதனின் வாரிசு" என்றாகிவிட்டது. அந்தக் குறி அப்பாவின் அப்பாவின் அப்பா என்ற ஒரே கோட்டில் வருவது. அந்தக் கோட்டை விட்டால் அந்த மனிதருக்கு அதே காலத்தில் ஆயிரக்கணக்கான வேறு முன்னோர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்னோர். உங்கள் அம்மா பக்கத்தில் பிள்ளை, படையாட்சி, நாயக்கர் என்று வாழையடியாக வரும் பெயர்களும் இந்த வகைதான். பெயர் தந்தை வழியில் மட்டும் நடந்து வந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர்கள் வேறு பெயர்க்காரர்கள்.

மூடிய கதவுக்கு ஒரு விலையும் உண்டு. ஆலோசனை மேசையில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். 2017இல் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, 81 குழுக்கள் மிகச் சிலரிடமிருந்து பெருகியவை என்று கண்டது. ஐரோப்பிய யூதர்களையும் பின்லாந்து மக்களையும் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அவர்களையும் மிஞ்சிய நெருக்கம் இது. அந்தச் சிலரில் ஒருவரிடம் இருந்த பழுதுபட்ட மரபணு இன்று அந்தக் குழு முழுக்கப் பரவியிருக்கும். ஆந்திர, தமிழக வைசியர்களிடம் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதுண்டு. தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி அவர்களில் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. மருந்து சில நிமிடத்தில் தெளியாமல் மணிக்கணக்கில் நிற்கும். அக்காள் மகளை மணந்தால் பிள்ளையின் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே பிரதியாக வரும். மாமன் மகளென்றால் பதினாறில் ஒரு பங்கு. "நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை" என்று சொல்லி உட்காரும் தம்பதியும், ஒரே சிறு குழுவைச் சேர்ந்தவர்களானால், தங்களுக்குத் தெரியாமலேயே சொந்தக்காரர்களாக இருப்பார்கள். சுத்தம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லப்படுவது என் மேசையில் ஒரு குழந்தையின் நோய்க்குறிப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது, பல முறை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முக்கால் தமிழச்சியா? தமிழ் என்பது மொழியின் பெயர். அதற்கு விழுக்காட்டு மரபணு கிடையாது. தொல்லை நம் சொல்லிலும் இருக்கிறது. மரபு என்ற ஒரே சொல்லை, விந்தணுவில் வருவதற்கும் வைத்திருக்கிறோம், வாழையிலையில் வருவதற்கும் வைத்திருக்கிறோம். மரபணு என்று அறிவியலுக்குப் பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள். ஆனால் பர்ச்சு நாளில் உங்கள் பாட்டி படைக்கும் சோறு எந்த அணுவிலும் எழுதப்படவில்லை. யாராவது கற்றுக்கொடுக்கவில்லை என்றால் ஒரே தலைமுறையில் அது போய்விடும். மறுபக்கம், கற்றுக்கொடுத்தால் இரத்தத் தொடர்பே இல்லாத மருமகளிடமும் போய்ச் சேரும். ஐந்நூறு ஆண்டு முன்பு அப்படித்தான் சேர்ந்தது. மலாய் பேசிய பெண்கள் மாரியம்மனைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அரசுகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விதமும் ஒன்றுபோல் இல்லை. உங்கள் நாட்டு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரர் என்பவரை இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் என்று வரையறுக்கிறது. பிறப்பு, வசிப்பிட நிபந்தனைகளும் உண்டு. மரபணு பற்றி ஒரு சொல் கிடையாது. உங்கள் அம்மா மலாய் பேசுகிறார், மலாய் உடை உடுத்துகிறார், கோயிலுக்குப் போகிறார், ஆகவே அந்த வரையறைக்குள் வரமாட்டார். சிங்கப்பூரில் 2011 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இருவரின் இனத்தையும் இணைத்துப் பதிவு செய்யலாம். அது இரண்டுக்கு இடம் கொடுக்கிறது. அம்மாவே ஏற்கெனவே நான்காக இருந்தால் என்ன செய்வது என்று படிவம் யோசிக்கவில்லை. எந்த அடையாளத்தைச் சூடிக்கொள்வது என்பதில் நான் உங்களுக்கு ஆலோசகன் இல்லை. அந்த முடிவில் உங்கள் 22 விழுக்காட்டுக்கு வாக்குரிமை எதுவும் இல்லை என்பதை மட்டும் தொழில்முறையாகச் சொல்ல முடியும்.

ஒரு வேலை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். இது அத்தை விவகாரத்தை விட முக்கியம். ஹீமோகுளோபின் 'இ' என்ற ஒரு மாற்றம் தென்கிழக்காசியாவில் பரவலாக இருக்கிறது. பீட்டா தலசீமியா இந்தியர்களிடமும் உண்டு. ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு லேசான இரத்தசோகை தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவர் 'இ'யையும் மற்றவர் பீட்டா தலசீமியாவையும் சுமந்தால், அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டும் சேர்ந்து வரும். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம். எச்சில் சோதனை அறிக்கையை நம்பி இருக்க வேண்டாம். ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். திருமணம் நிச்சயமாவதற்கு முன் நீங்களும் மாப்பிள்ளையும் அதைச் செய்துகொள்ளுங்கள், மாப்பிள்ளை எந்தப் பக்கத்தவராக இருந்தாலும். அம்மாவின் தாய்வழி எழுத்து என்ன என்று பார்த்துவிட்டு, உட்கிளை எண்ணோடு இங்கேயே எழுதுங்கள். அதை நான் படித்துச் சொல்கிறேன்.